முனியின் இடக்கண்

பட்டாணி அளவு கேமரா. திரும்பாது, சுழலாது, வைத்த இடத்திலிருந்து வைத்த திசையை மட்டும் பார்க்கும். கடைக்காரன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் விற்றான். அப்படியிருக்க, வாலாஜாபாத் ரைஸ்மில்லில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்று குமரேசன் போனைத் திறந்தபோது, ஊஞ்சல் தெரிய வேண்டிய படத்தில் மாடிப்படி தெரிந்தது.

யாராவது இடித்திருப்பார்களோ? வாய்ப்பே இல்லை. யாரும் கிட்டப் போக மாட்டார்கள் என்பதற்காகத்தானே அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தான்!

உத்திரமேரூரைத் தாண்டி இருந்த அவன் ஊரில் எல்லை முனிக்குப் புதுச் சிலை செய்தால், சுட்ட மண் தலையும் புது அரிவாளும் திருவிழா வரை குமரேசன் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக வந்த மரியாதை. கண்கள் மட்டும் குருடாக, வெறும் மண்ணாக விடப்பட்டிருக்கும். வெள்ளிக்கிழமை எல்லையில் வைத்து, சிலை செய்த வீராசாமி அவற்றைத் திறப்பார். திறந்த கண் முதலில் எதைப் பார்க்கிறதோ அது முனிக்கு. அதனால் ஒரு சேவலை நேர் எதிரே தூக்கிப் பிடித்து, அங்கேயே கழுத்தை அறுத்துவிடுவார்கள்.

போன வாரம் மூன்று வயது ஸ்ரீலேகாவின் கையில் நீலமாக ஒரு கன்றல். மனைவி மோகனா காஞ்சிபுரத்தில் வேலை முடிந்து வர ஆறு மணியாகும். அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் செங்கேணி. அவள்மேல் சந்தேகம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து, முனியின் இடக்கண்ணில் டிரில்லரை வைத்து அழுத்தினான் குமரேசன். செம்மண் தூள் கொட்டிக்கொண்டே வந்தது. கடைசியாக வந்த தூள் மட்டும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

மூன்று நாள் பார்த்தான். செங்கேணி ஊட்டினாள், குளிப்பாட்டினாள், தோளில் போட்டுத் தூங்க வைத்தாள். ஊஞ்சல் சங்கிலியில் குழந்தை கையைக் கொடுத்து நசுக்கிக்கொள்வதையும் பார்த்துவிட்டான். கன்றலுக்குக் காரணம் தெரிந்துபோயிற்று. ஆனாலும் கேமராவை எடுக்கவில்லை. அடுத்தவருக்குத் தெரியாமல் பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது.

இப்போது படம் நகர்ந்தது. மெதுவாக. ஒரு ஆள் உயரத்தில், ஒரு ஆள் நடக்கிற தாளத்தில். மில் இரைச்சலையும் மீறி அதன் மூச்சு போனில் கேட்டது, களிமண்ணை மிதிக்கிற மாதிரி ஈரமாக.

படத்தை மூடாமல், ஸ்பீக்கரில் வீட்டுக்குப் போன் போட்டான்.

"செங்கேணி, பாப்பா எங்க?"

"மாடில தூங்கிக்கினு கீதுங்க ஐயா. இன்னா, கொரலு ஒரு மாரி கீது?"

"கூடத்துல யாரு கீறாங்க?"

"யாருமில்லீங்க. ஆனா பின்னால கூண்டுல கீற கோயிங்க எல்லாம்... ஒண்ணுக்கும் தலையில்லீங்க ஐயா. நாய் வேலைன்னு நெனச்சேன். போய்ப் பாத்தா நாயும் அப்டியே கெடக்குது."

"முனி கண்ணுல... கேமரா வெச்சேன்."

செங்கேணி கூடத்துக்குள் வருகிற காலடிச் சத்தம் போனில் கேட்டது.

"என்னிய வேவு பாக்கவா?"

அவன் திரையையே பார்த்தான்.

"அட பாவி மனுசா! கண்ணு தொறந்ததும் அது மொதல்ல யாரப் பாத்துது?"

அந்த முதல் பதிவு அவனுக்கு நினைவிருந்தது. திரை நிறைய அவன் முகம். சிரித்துக்கொண்டே, "தெரியுதா?" என்று அவனேதான் கேட்டிருந்தான்.

"உன்னத்தான் கேக்குது," என்றாள் செங்கேணி. அவள் பேச்சில் 'ஐயா' போய்விட்டது. "நீ கெடைக்கிற வரைக்கும் இந்த வூட்டு உசுரு ஒண்ணையும் வுடாது. நான் பாப்பாவத் தூக்கிக்கினு..."

திரையில் ஒரு முதுகு வந்தது. கொண்டையில் கனகாம்பரம். காதில் போன்.

"திரும்பாத! ஓடு செங்கேணி!"

அவள் திரும்பினாள். கனகாம்பரம் கேமராக் கண்ணாடியில் அப்பியது. அதன்மேல் சிவப்பாக ஏதோ அடித்தது. போனில் கறிக்கடைக் கட்டையில் எலும்பு பிளக்கிற சத்தம். அப்புறம் ஊஞ்சலின் கிறீச் மட்டும்.

திருமுக்கூடல் பாலத்தில் ஒரு வேன் அவன் பைக்கை உரசிக்கொண்டு போனது. பாலாற்று மணல் வெயிலில் வெள்ளையாக எரிந்தது. பாப்பா. வேறு நினைப்பில்லை. பாப்பா.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் செங்கேணி. ஊஞ்சலுக்குக் கீழே உடம்பு. ஊஞ்சல் பலகையின்மேல் தலை, வாசலைப் பார்த்தபடி, மெல்ல ஆடிக்கொண்டு.

முனியின் தலை அதன் இடத்திலேயே இருந்தது, அசையாத மாதிரி. பக்கத்தில் அரிவாளைக் காணோம்.

குமரேசன் கடப்பாரையை எடுத்தான். அடித்தான். மீசை தெறித்தது. தாடை தெறித்தது. உள்ளே சுட்ட மண்ணில்லை. பச்சை இறைச்சியின் வாடை. கேமரா உருண்டு வந்தது. குதிகாலால் நசுக்கினான். பொடியாகும் வரை.

நிசப்தம்.

சட்டைப் பையில் மூச்சுச் சத்தம்.

போனை எடுத்தான். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை அடி உயரத்திலிருந்து. அவன் முதுகு. கையில் கடப்பாரை. திரை ஒரு நொடி இருண்டது. வெளிச்சம். மறுபடி இருட்டு. மறுபடி வெளிச்சம்.

திரும்பினான்.

மாடிப்படியின் கடைசிப் படியில் ஸ்ரீலேகா. கன்னத்தில் தலையணை மடிப்பு. இரண்டு கையாலும் முனியின் அரிவாளை இழுத்துக்கொண்டு. கிர்ர்ர். அவள் இமைத்தாள். திரை இருண்டது.

இடக்கண்ணில் வெள்ளையே இல்லை. செம்மண். இமை ஓரத்திலிருந்து தூள் கசிந்து கன்னத்தில் இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் தோல் மண்ணாக இறுகியது. மெல்ல. உதடு வரை.

கடப்பாரை அவன் கையில்தான் இருந்தது. கண்ணைக் குருடாக்கத்தான் அதை எடுத்தான்.

"நைனா," என்றாள். பாப்பாவின் சொந்தக் குரல்தான். "குனி."

கடப்பாரையையும் போனையும் கீழே வைத்தான். முழங்கால் போட்டான். சட்டைக் காலரைத் தானே இறக்கிவிட்டான். தரையில் கிடந்த போனில் அவன் பிடரி பெரிதாகிக்கொண்டே வந்தது.

திரை இருண்டது. வெளிச்சம் வந்தது.

மூன்று வயதுக் கை. ஒரே வெட்டில் முடியவில்லை.