மெல்லத் தொடும் கொம்புகள்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே நப்பின்னை கொம்பை ஒட்டிக்கொள்வாள். பல்செட்டுக்குப் பூசுகிற பசைதான். புதினா வாசனை வேறு. கண்ணாடி முன் நின்று, அதை நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி கொட்டாவி விடுவாள். ஐம்பது வயதுக்கு மேல் இதெல்லாம் பெரிய அலுப்பு.

கொம்புவித்து வந்த புதிதில் முதலில் ஓடிப்போய்ப் பதித்துக்கொண்டவள் அவள்தான். நெற்றி எலும்பில் கடுகளவு வித்து. நரம்போடு சேர்ந்து ஒற்றைக் கொம்பாக வளரும். ஒரே நிபந்தனை, மனம் நிம்மதியாக இருக்க வேண்டும். பயமும் கவலையும் ஏறினால் வேர் காய்ந்து கொம்பு உதிர்ந்துவிடும். சிறு வயதிலிருந்தே தன்னை ஒற்றைக்கொம்புக் குதிரையாக உணர்ந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊர் சிரித்தது. பேருந்தில் கொம்பைப் பிடித்து இழுத்தார்கள். வெறுத்துப்போய், தன்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு ஏலகிரிச் சரிவில் ஒரு குடியிருப்பு அமைத்தாள். வேஷக்காரர்கள் நுழைந்துவிடக் கூடாதென்று விதியும் அவளே போட்டாள்: கொம்பு உதிர்ந்தவர் வெளியேற வேண்டும்.

அந்த விதியை நினைத்து நினைத்தே போன மழைக்காலத்தில் அவள் கொம்பு உதிர்ந்தது. அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

தினமும் காலையில் முற்றத்தில் கூடி, தலை குனிந்து, கொம்போடு கொம்பு தொட்டுக்கொள்வது அங்கே வழக்கம். ஆரம்பத்தில் ‘டங்’கென்று இடித்துக்கொள்வார்கள். வரவர அது பூவைத் தொடுவதுபோல் ஆகிவிட்டது. மரியாதை கூடிவிட்டது என்று நப்பின்னை நினைத்திருந்தாள்.

அன்று தூத்துக்குடியிலிருந்து ரெஜினா என்ற இளம்பெண் குடியிருப்பில் சேர வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“எக்கா! ஒங்களப் பாக்கணும்னுதாம்க்கா வந்தேன்!” என்று ஓடிவந்து தன் கொம்பால் ஒரே இடி.

நப்பின்னையின் கொம்பு தெறித்துப்போய், குடியிருப்பின் மூத்தவரான சடையப்பனின் காலடியில் உருண்டது. முடிந்தது கதை என்று நினைத்தாள். வெட்கத்துக்கு முன்னால் ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது. எடுத்துக் கொடுக்கச் சடையப்பன் குனிந்தார். அவர் கொம்பும் கழன்று விழுந்தது. கூட்டத்தில் அத்தனை கைகளும் அவசரமாக நெற்றிக்குப் போயின. முற்றமெங்கும் புதினா வாசனை அடிப்பதை நப்பின்னை அப்போதுதான் கவனித்தாள்.

“எல்லாருக்கும் போயிட்டுன்னா அந்த விதியத் தூக்கிப் போட்ரலாமேக்கா?” என்றாள் ரெஜினா.

சடையப்பன் நப்பின்னையின் அருகில் வந்து, “விதிய எடுத்துட்டா வெளிய இருக்கறவங்களுக்கும் நமக்கும் என்னம்மா வித்தியாசம்? இந்தப் பொண்ணு இருந்தா தினமும் இடிச்சுக்கிட்டேதான் இருக்கும். அனுப்பிடுங்க,” என்றார்.

நப்பின்னை ரெஜினாவின் நெற்றியிலிருந்த நிஜக் கொம்பைப் பார்த்தாள். பொறாமையாக இருந்தது. மல்லுக்கட்டத் தெம்பும் இல்லை.

“நீ போயிடும்மா. எங்க பழக்கம் ஒனக்கு ஒத்துவராது.”

விளையாட்டென்று நினைத்து ரெஜினா சிரித்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “நம்ம ஆளுங்கன்னுல்லா வந்தேன்,” என்றாள். வாசலைத் தாண்டுவதற்குள் அவள் கொம்பு உதிர்ந்து மண்ணில் விழுந்தது.

எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். சடையப்பன் ஓடிப்போய் அவள் பையை வாங்கிக்கொண்டார். யாரோ காபி கொண்டுவந்தார்கள். அத்தனை முகங்களிலும் நிஜமான பாசம். அதைத்தான் நப்பின்னையால் தாங்க முடியவில்லை. இடுப்பிலிருந்து பசைக் குழாயை எடுத்து, அழுதுகொண்டிருந்தவளின் கையில் வைத்தாள்.

“கொஞ்சமா வை, போதும். நாளைக்கு இடிக்கறப்ப மெதுவா.”