ஒரு குடை, ஒரு பெயர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் இரண்டு கண்களின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதை ஏற்க மனமில்லாதவர்கள் வலது கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு வயது எண்பத்தொன்று. இந்த வயதில் பொய் சொல்லி நான் எந்தப் பதவிக்கும் வந்துவிடப் போவதில்லை.

தொங்கலூரில் என் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையின் கொக்கியைத் தெருக் கம்பியில் கோத்து, ஒரு கையால் அதே கம்பியை இறுக்கிப் பிடித்தபடி காற்று நிலையத்துக்கு நடப்பேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள். கடல் ஏறி வந்து கரையைத் தின்ற காலத்தில், இடம் போனவர்களுக்காக நாலாயிரம் மீட்டர் உயரத்தில் வளிப்பைகளில் கட்டி நிறுத்திய ஊர் அது. கீழே வாலிநோக்கத்து உப்பளங்கள். இடையில் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் குழந்தை பிறந்ததும் அதன் கையில் ஒரு கம்பியைக் கொடுப்பார்கள். அது இறுக்கிப் பிடித்த பிறகுதான் பெயர் வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் 'பிடியை விடாதே.' கடைசிப் பாடமும் அதுதான். நடுவில் இருந்த பாடங்களில் நான் தேறவில்லை.

காற்று நிலையத்தில் ரேடியோவைத் திறந்தால் தரையிலிருந்து மங்களேஸ்வரி பேசுவாள். கீழ்க்காற்றின் திசை, வேகம், ஈரம். அவள் சொல்வதை வைத்துத்தான் வளிப்பைகளை இறுக்குவோம், தளர்த்துவோம். இப்படி முப்பத்தோரு ஆண்டுகள் பேசியிருக்கிறோம். முதல் பத்தாண்டு காற்றைப் பற்றி மட்டும். பிறகு அவள் வீட்டுக்காரர் தவறிப்போனதைப் பற்றி, என் மூட்டுவலியைப் பற்றி, பிறகு எதைப் பற்றியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அன்றும் அவள் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தாள்.

"தென்மேற்கு. பன்னெண்டு கிலோமீட்டர். ஈரம் அறுவது. அப்புறம், ஆவணி ஏழாந்தேதி காலையில பத்தரைக்கு முகூர்த்தம். வந்துருவீங்கள்ல?"

"யாருக்குக் கல்யாணம்?"

"நமக்குத்தான். நீங்களாக் கேப்பீங்கன்னு முப்பத்தோரு வருசமாப் பாத்தேன். ஒங்களுக்குக் காத்தத் தவிர எதையுங் கேக்கத் தெரியல. பத்திரிகை அடிச்சாச்சு."

ஆவணி ஏழுக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஊருக்கும் தரைக்கும் இடையே, தடித்த வடத்தில் தொங்கியபடி ஒரு வடப்பெட்டி ஓடியது. அது பெரும்பாலும் சரக்குக்குத்தான். மனிதர்கள் இறங்க வரிசை உண்டு. விசாரித்ததில் என் முறை வர இருபத்தாறு ஆண்டுகள் ஆகும் என்றார்கள். எனக்குப் பொறுமை உண்டு. மங்களத்துக்கு இல்லை. மிச்சமிருந்த ஒரே வழி குதிப்பது.

குதிப்புப் பள்ளி ஊரின் அடித்தட்டில் இருந்தது. அங்கே பயிற்றுநர் ஜெசிந்தா. நாற்பது வயது, மூக்கையூர் வம்சம். அவள் முன்னோர் சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்கியவர்கள், இவள் வானத்துக்குள் இறங்கினாள். குடும்பத் தொழிலை விடவில்லை என்பது அவள் வாதம்.

"எதுக்குய்யா குதிக்கணும்? மாத்திரை டப்பாவத் தொறக்கவே ஒங்களுக்கு ரெண்டு ஆள் வேணும் போல."

"கல்யாணம்."

"பேரனுக்கா?"

"எனக்கு."

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பச் சரி. புதுசா வர்றவங்களுக்கு மூணு வழி இருக்கு. மொதல் வழி இணைக்குதிப்பு, டேண்டம். ஒங்க முதுக என் நெஞ்சோட சேத்துக் கட்டிருவேன். நீங்க ஒண்ணுஞ் செய்ய வேணாம். கண்ண மூடிக்கிட்டு வரலாம். அரைமணி நேரப் பாடம்."

"இதுவே போதுமே!"

"போதும். ஆனா தரையத் தொட்டதும் நீங்க ஜெசிந்தா."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். மேலே இருப்பவர்கள் எல்லாரும் திமுதிமுவென்று இறங்கிவிடுவார்கள் என்று தரைக்காரர்களுக்கு ஆதியிலிருந்தே பயம். அதனால் உப்பளத்துக் காவல் கோபுரத்தில் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, விரிகிற வான்குடைகளை எண்ணுவார். ஒரு குடைக்கு ஒரு பெயர். குடையை விரித்தவர் யாரோ, அவர் பெயர் மட்டும் பதிவேட்டில் ஏறும். கூடக் கட்டிக்கொண்டு வந்தவருக்குத் தனிப்பெயர் கிடையாது.

"இதுவரைக்கும் எத்தன பேரக் கட்டிக் கொண்டாந்திருக்க?"

"இருநூத்திப் பதினாலு. மூக்கையூர்ல ஒரு தெருவே ஜெசிந்தாதான். மீசை வச்ச ஜெசிந்தா, மொட்டை போட்ட ஜெசிந்தா. எல்லாருக்கும் சேத்து ஒரு ரேஷன் கார்டு, ஒரு ஓட்டு. அந்த ஓட்ட யாருக்குப் போடறதுன்னு முடிவு பண்ண அவங்களுக்குள்ள தனியா ஒரு தேர்தல் நடக்கும். போன மாசம் ஒரு ஜெசிந்தாவுக்கு ரெட்டப் புள்ள. பதிவேட்டுல தகப்பன் என் வீட்டுக்காரர்தான். மனுசன் இங்க உக்காந்து வளிப்பைக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டிருக்காரு. மூணு நாள் சோறு திங்கல."

"அப்ப நான் மங்களத்த..."

"கட்ட முடியாது. ஜெசிந்தாவுக்கு ஏற்கெனவே கல்யாணமாயிருச்சே."

இரண்டாவது வழிக்கு அடுத்த அறை. அங்கே காதர் மைதீன் இருந்தார். கயிற்றுக்குதிப்பு அவர் பொறுப்பு. குடையிலிருந்து வரும் கயிற்றின் நுனியை ஊரின் தரையில் மாட்டிவிடுவார்கள். குதித்த நொடியே கயிறு இழுத்துக் குடை தானாக விரிந்துவிடும். ஒரு நாள் பாடம்.

"நல்ல வழிண்ணே. கெட்டியான வழி," என்றார். "ஒரே ஒரு சின்ன விசயம். குடைய விரிச்சது ஊர்க் கயிறு. ஊர் எறக்கினா அது சரக்கு. அரிசி மூட்டைக்கு என்ன விதியோ அதான் ஒங்களுக்கும். கெடங்குல வச்சிருப்பாங்க. யாராச்சும் கையெழுத்துப் போட்டு எடுக்கணும். மூணு நாள்ல எடுக்கலேன்னா வடப்பெட்டியில திருப்பி அனுப்பிருவாங்க."

"வழியில அடிபட்டா?"

"ஒடைஞ்சா மாத்தித் தருவோம்ணே."

மறுநாள் காலை காற்று விவரம் வாங்கியதும் மங்களத்திடம் இரண்டாவது வழியைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டு என்னை எடுத்துக்கொள்ளலாம் என்று நயமாகவே சொன்னேன்.

"எடுத்து? உப்பு மூட்டையோட அடுக்கி வைக்கவா? இங்க பாருங்க. பத்திரிகையில நாகரத்தினம்னு போட்டிருக்கு. அந்த நாகரத்தினம் ஏழாந்தேதி பத்தரைக்கு மணவறையில இருக்கணும். அவரால முடியாதுன்னா விட்டுருவோம். இனிமே காத்தப் பத்தி மட்டும் பேசிக்குவோம்."

முப்பத்தோரு ஆண்டில் அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான். இனி மூட்டுவலியைப் பற்றிக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தபோதே மூட்டு வலித்தது.

மூன்றாவது வழி தனிக்குதிப்பு. முதுகில் சொந்தக் குடை. முதல் முறை பயிற்றுநர்கள் இருவர் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள். பாதியில் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு நீங்களே, உங்கள் கையால், உங்கள் குடையை விரிக்க வேண்டும். எட்டு நாள் பாடம். என்னிடம் சரியாக எட்டு நாள் இருந்தது.

டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, பத்திரிகை ஒன்று வாங்கிக்கொண்டார்.

ஊரின் நடுவே கீழிருந்து காற்று பீறிட்டு வரும் ஒரு பெரிய குழாய் உண்டு. காற்றுக்கிணறு என்போம். அதன் மேல் குப்புறப் படுத்தால் மிதக்கலாம். முதல் நாள் வேட்டியோடு படுத்தேன். வேட்டி மட்டும் நன்றாக மிதந்து நான்கு தெரு தாண்டிப் போய், ஒரு வீட்டு வாசலில் இறங்கியது. இரண்டாம் நாள் கால்சட்டையோடு வந்தேன். நெஞ்சைத் தள்ளு, இடுப்பை வளை, மோவாயைத் தூக்கு, உயரமானியைப் பார், ஆயிரத்து எழுநூறு மீட்டரில் பிடியை இழு. ஐந்தாம் நாள் நானாக ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜெசிந்தா கைதட்டினாள். எட்டாம் நாள் எனக்கு முப்பது வயது குறைந்திருந்தது. ஐம்பத்தொரு வயதில் நான் சுமாராகத்தான் இருந்தேன், ஆனாலும் மகிழ்ச்சியாக இருந்தது.

ஆவணி ஏழு, காலை பத்து மணி. அடித்தட்டின் கதவு திறந்தது. இடப்பக்கம் காதர் மைதீன், வலப்பக்கம் ஜெசிந்தா. காதில் மாட்டிய ரேடியோவில் மங்களத்தின் குரல். "தென்மேற்கு, பதினாலு. வானம் தெளிவு. வாங்க."

போனேன்.

விழுவது என்பது விழுவது போலவே இல்லை. காற்று கெட்டியான மெத்தைபோலத் தாங்கியது. உப்பளங்கள் கட்டம் கட்டமாக மின்னின. கடல் ஓரத்தில் சுருட்டி வைத்த பாயாகக் கிடந்தது. நான் கத்திக்கொண்டிருந்தேன். பயத்தில் என்று நினைத்தேன். கவனித்துப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூவாயிரம் மீட்டரில் காதர் மைதீன் சைகை காட்டிவிட்டுக் கையை விட்டு விலகினார். ஜெசிந்தாவும் விட்டாள். ஆனால் நான் விடவில்லை. என் வலது கை அவள் கையைக் கம்பி என்று நினைத்துக்கொண்டது. விடு என்று மூளை சொன்னது. எண்பத்தோரு ஆண்டாக அந்தக் கைக்கு யாரும் அப்படி ஒரு கட்டளை இட்டதில்லை. அதற்கு அது விளங்கவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு. ஜெசிந்தா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது. இரண்டாயிரத்து இருநூறு. இப்படியே போய் அவள் குடை விரிந்தால், நான் இருநூற்றுப் பதினைந்தாவது ஜெசிந்தா.

"கோபுரத்துக்காரரு ரெண்டு புள்ளி ஒட்டிக்கிட்டுத் தெரியுதுங்கறாரு," என்றாள் மங்களம் காதில். "என்ன பண்றீங்க?"

"கை வரமாட்டேங்குது மங்களம்!"

"யாரு கை?"

"என் கை. ஜெசிந்தா கையப் புடிச்சிருக்கு."

"கல்யாணத்துக்கு அரைமணி நேரங்கூட இல்ல. இன்னொரு பொம்பள கையப் புடிச்சிக்கிட்டு எறங்குறீங்களா?"

கை திறந்துகொண்டது.

ஜெசிந்தா ஒரு பக்கம் போனாள், நான் ஒரு பக்கம். ஆயிரத்து எழுநூறு. அதே கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடியை இழுத்தேன். தோளைப் பிடித்து யாரோ தூக்கியதுபோல ஓர் இழுப்பு. அண்ணாந்து பார்த்தால், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குடை. என் குடை. அதன் பிறகு வந்த அமைதியில் என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.

"பந்தல் அடுப்புப் புகை தெரியுதா? அது எந்தப் பக்கமாச் சாயுதோ அதுக்கு எதிர்த்தாப்புல வாங்க. எடது கைய இழுங்க. ஐயோ, ஒங்க எடது கைய! ஆங். அப்படியே. இப்ப ரெண்டையும் சேத்து இழுங்க."

இழுத்தேன். ஓர் உப்புக் குவியலில் இடுப்பு வரை புதைந்து நின்றேன். கோபுரத்துக்காரர் பதிவேட்டோடு ஓடி வந்தார்.

"எத்தன பேரு?"

"ஒருத்தன்."

"குடைய விரிச்சது யாரு?"

"நான்."

"பேரு?"

சொன்னேன். அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் பட்டுப்புடவையும் கையில் ரேடியோவுமாக மங்களேஸ்வரி வந்து, என்னை உப்பிலிருந்து தலைவரை அளந்தாள்.

"கொரலக் கேட்டு ஆறடி இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"பாதி உள்ள இருக்கு. இழுத்து எடு."

இழுத்து எடுத்தாள். பத்தரைக்குத் தாலி கட்டினேன்.

ஜெசிந்தாவுக்கு என்று ஒரே ஒரு பத்திரிகைதான் வைத்திருந்தோம். இருநூற்றுப் பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள். பந்தி மூன்று முறை நடந்தது. சாப்பிட்டுவிட்டு, முறுக்கு மீசை வைத்த ஒரு ஜெசிந்தா என்னிடம் வந்து உட்கார்ந்தார். உப்புச் சங்கத்தில் வேலை செய்யும் ஒருத்தியைப் பன்னிரண்டு ஆண்டாக அவருக்குப் பிடித்திருந்தது. பெண் கேட்கப் போனால் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரியாமலே இருந்துவிட்டார்.

"அன்னிக்கு அரைமணி நேரப் பாடம் போதும்னு நெனச்சேங்க," என்றார். "கைய விடறப்ப எப்படி இருந்துச்சு?"

"ஆயிரம் மீட்டருக்கு ரொம்பக் கஷ்டம். அப்புறம் கஷ்டமே இல்ல."

அவர் எழுந்து நேராக வடப்பெட்டிக்குப் போனார். மேலே போக வரிசை கிடையாது. பயிற்றுநர்களைத் தவிர யாரும் மேலே போகக் கேட்டதே இல்லை. அவர் பின்னால் இன்னொருவர் போனார், அவர் பின்னால் ரெட்டைப் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு ஒரு தகப்பன். ஆவணி முடிவதற்குள் எல்லாரும் காற்றுக்கிணற்றில் மிதந்து பழகிவிட்டார்கள். புரட்டாசி முழுவதும் வாலிநோக்கத்து வானத்தில் குடைகள் விரிந்தபடி இருந்தன. ஒவ்வொன்று விரியும்போதும் கீழே நின்றவர்கள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். முத்திருளாயி! சிக்கந்தர்! ஆரோக்கியம்! மீசைக்காரர் பெயர் பூமிராஜன் என்று உப்புச் சங்கத்துப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் அவள் அதை நான்கு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

கடைசிக் குடையும் இறங்கிய பிறகு, ஜெசிந்தா தனியாகக் குதித்து வந்து கோபுரத்துப் பதிவேட்டைப் புரட்டினாள். மற்ற ஜெசிந்தாக்கள் எல்லாம் அடிக்கப்பட்டு, தன் பெயர் ஒரே ஓர் இடத்தில் இருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். அன்று அவள் வீட்டுக்காரர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாராம்.

தொங்கலூரைப் பிரித்துத் தரையில் இறக்கிய ஆண்டுக்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் நான் பிறந்தேன்.