பிலோமியின் பெயரைச் சுமந்தவர்கள்

தன் கணவன் போர்க்கைதியாக இருந்த காலத்தின் நினைவு முழுவதும் இன்னொருத்தியின் தலைக்குள் இருப்பதை பிலோமியால் பொறுக்க முடியவில்லை.

அந்த இன்னொருத்தி அரசு வழக்கறிஞர் சண்முகவடிவு. தூத்துக்குடி போர்க்குற்ற நீதிமன்றத்தில் சாட்சிகள் கூண்டேறி அழுத காலம் போய்விட்டது. நினைவிறக்கி என்ற கருவி வந்தபின், கைதியின் முகாம் நினைவுகளை அப்படியே எடுத்து வழக்கறிஞரின் மூளையில் ஏற்றிவிடுகிறார்கள். பிரதி எடுக்க முடியாது. ஒருவருக்குப் போனால் மற்றவருக்கு இல்லை. தீர்ப்பு வந்ததும் அழித்துவிடுவார்கள். யாரும் ஆயுள் முழுக்க வதைபட வேண்டாம் என்று சட்டத்துக்கு அவ்வளவு கருணை.

கூண்டில் முகாம் அதிகாரி நின்றான். "தாகமெடுத்தது. தண்ணீர் கேட்டேன். இவர் கடல் தண்ணீரைக் குடிக்க வைத்தார்," என்றாள் சண்முகவடிவு. சொல்லும்போது பிலோமியின் கணவர் இன்னாசியைப் போலவே இடது காதுமடலை நிமிண்டினாள். இன்னாசியோ யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல் கொட்டாவி விட்டார்.

பிலோமிக்கு வயிறு எரிந்தது. முகாமைப் பற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவளுக்கோ மொத்தமும் தெரியும். அதோடு, நினைவை இறக்கியபின் 'பிலோமீ' என்று இழுத்துக் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. 'இந்தா' என்கிறார். நல்லவிதமாகத்தான் இருக்கிறார், வாடகைக்கு வந்தவரைப் போல.

இடைவேளையில் வராந்தாவில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "பிலோமீ."

சண்முகவடிவுதான். கண் கலங்கியிருந்தது.

"அப்படிக் கூப்பிட நீங்க யாரு?"

"மன்னிச்சிருங்கக்கா, வாயில தானா வந்துட்டு. அடி விழும்போதெல்லாம் ஒங்க பேரச் சொல்லித்தான் கத்திருக்காரு. அதுவும் சேந்தே எங்கிட்ட வந்துட்டு."

"அத அவருக்கே திருப்பிக் குடுங்க."

"நீங்க மனு போட்டாப் போதும். ஆனா சாட்சி இல்லாம அந்த அதிகாரி வெளிய போயிருவான். அண்ணன் பழையபடி ராத்திரியெல்லாம் அலறணும். சரியா?"

பிலோமி மனு போடவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துவிட்டு எப்படிப் போடுவாள்? ஆனாலும் தன்மேல் அவர் வைத்த பிரியத்தை வேறொருத்தி சுமந்துகொண்டு திரிகிறாளே என்று தினமும் வெந்தாள்.

அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மறுவாரம் கடைத்தெருவில் சண்முகவடிவைக் கண்டதும் பிலோமியே வலியப் போய்ச் சிரித்தாள்.

"நீங்க... இன்னாசி சாரோட மனைவிதானே?" என்றாள் அவள், மரியாதையாக.

அழித்துவிட்டார்கள். இனிப் பொறாமைப்படக்கூட ஆள் இல்லை.

இல்லை, ஒருவன் இருந்தான். குற்றவாளியின் நினைவில் கை வைக்கக் கூடாது, அவன் மறக்கவே கூடாது என்பதும் சட்டம். அவள் பெயரைச் சொல்லிக் கத்திய இன்னாசியின் அந்தக் குரல் இப்போது அவன் ஒருவனிடம் மட்டும் இருந்தது. பிலோமியால் அதைத் தாங்க முடியவில்லை.

சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி வந்து உட்கார்ந்தான். அவன் பேசுவது வேற்று மொழி. இருவருக்கும் மொழிபெயர்க்கும் காதுக்கருவி கொடுத்திருந்தார்கள். யார் என்று அவன் கேட்டான். அவள் பெயரைச் சொன்னாள்.

அவன் கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுவந்தான்.

"பிலோமீ," என்றான். அதே இழுப்பு.

பிலோமி தன் காதுக்கருவியைக் கழற்றி வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.