அறுபதாவது பல்

முதல் தடவை எண்ணியபோது ஐம்பத்தேழு பல். சாக்பீஸ் புள்ளியிலிருந்து மறுபடி எண்ணினார் லேத்து ஓட்டும் டர்னர். ஐம்பத்தெட்டு. வாய்க்குள் முணுமுணுத்தபடி முப்பது வருஷமாக கியர்ப் பல் எண்ணுகிறவர். அவசரத்தில் கண் தடுமாறியிருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பழைய இரும்பு விலைக்கு வாங்கிய கடைசல் லேத்து அது. எந்தத் திருகு மரை வெட்ட எந்த கியர் என்று சொல்லும் தகடு தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு கணக்குப் போட்டதில், கடைசி கியருக்கு அறுபது பல் வேண்டும். பெட்டியில் கிட்டத்தட்ட ஒத்துவந்தது இது ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி படுத்திருந்தாள். அவளுடைய மூச்சுக் கருவியின் திருகு காலையில் முறிந்துவிட்டது. அந்த மாதிரித் திருகு இப்போது எங்கும் கிடைப்பதில்லை; தானே கடைந்தால்தான் உண்டு. மாற்று சிலிண்டர் நாலு மணி வரை தாங்கும். மணி மூன்று.

பக்கத்து அறையில் எவர்சில்வர் கிண்ணத்தில் எதுவோ விழுந்தது. கிண்.

கொழுந்தியாள் எட்டிப்பார்த்தாள். “அத்தான், அக்காவுக்குப் பல்லு ஒண்ணு விழுந்துடுச்சு. ஆடக்கூட இல்ல.”

“நீ பக்கத்துல இரும்மா. இதோ முடிச்சுடறேன்.”

இன்னொரு தடவை எண்ணினார். ஐம்பத்தொன்பது. கிண்.

அவர் கை நின்றது. கியரின் கறுத்த பற்களுக்கு நடுவே இரண்டு மட்டும் வெளுத்திருந்தன. தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தன.

ஓடிவிடலாம் போலிருந்தது. மணி மூன்றேகால். பல் போனால் கட்டிக்கொள்ளலாம். மூச்சு போனால்?

பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். அறுபது.

கிண்.

கியரை மாட்டி லேத்தை ஓட்டினார். புதுத் திருகில் மரை கச்சிதமாக விழுந்தது. நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திருகை மாட்டினார். கருவி மூச்சு விட்டது. அவளும் விட்டாள். அவர் அழுதுவிட்டார்.

அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். உதட்டோரம் ரத்தம்.

“நீங்க எண்ணுறப்பதாங்க வலிக்குது. எண்ணாதீங்க.”

“இல்லம்மா. முடிஞ்சுபோச்சு. இனி எண்ண மாட்டேன்.”

லேத்தை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தார்.

சுவருக்கு அப்பால் அது சுற்றியது.

டக். டக். டக். ஒவ்வொரு பல்லாக. நிதானமாக.

அவர் காதைப் பொத்தினார். கேட்டது. வாயைப் பொத்தினார். உள்ளங்கைக்குள் உதடு தானாக அசைந்தது.

அறுபத்தொன்று.

கிண்.

அறுபத்திரண்டு.

கொழுந்தியாள் கிண்ணத்தை அக்காவின் மோவாய்க்குக் கீழே ஏந்தினாள்.