சடையனின் மூச்சு

மதகுக் கதவை இறக்கிப் பூட்டிவிட்டு அர்த்தநாரி வீட்டுக்குத் திரும்பியபோது, சடையன் படுத்திருந்த கோணிச்சாக்கு நனைந்திருந்தது.

வயசான நாய், படுத்த இடத்திலேயே மூத்திரம் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். குனிந்து தொட்டார். சாக்கு சில்லென்றிருந்தது. மூத்திர வாடை இல்லை. ஆழத்தில் கிடக்கும் கல்லைப் புரட்டினால் வருமே, அந்தப் பாசி வாடை. நாயின் கழுத்து மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏம்புள்ள, நாயைக் குளிப்பாட்டுனயா?”

“நான் எதுக்குங்க குளிப்பாட்டறேன்? ஈரம் ஆவாதுன்னு கம்பவுண்டரு சொல்லிட்டுத்தானுங்களே போனாரு” என்றாள் கந்தம்மாள் அடுப்படியிலிருந்து. பிறகு அவளும் வந்து பார்த்தாள். கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

“மழைகூட இல்லீங்களே.”

மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. சித்திரை வெயிலில் ஜேடர்பாளையத்து அணைக்கட்டுக்குக் கீழே காவிரி ஓடையாகச் சுருங்கி, பாறைகளுக்கு நடுவே மடு மடுவாகத் தேங்கிக் கிடந்தது. மேட்டூரில் அணை கட்டி முடித்த இந்த மூன்று வருஷத்தில் கோடைத் தண்ணீர் கலங்குவதே இல்லை. மடுவின் அடி மணல்கூடத் தெரியும். ஆனால் எந்த மடுவும் வீட்டிலிருந்து இருநூறு தப்படிக்குக் குறையாது. சடையனால் நாலு தப்படி சேர்ந்தாற்போல் நடக்க முடியாது.

அது பதிமூன்று வருஷத்து நாய். திருச்செங்கோட்டுத் தேருக்குப் போன வண்டிக்காரர்கள் யாரோ விட்டுவிட்டுப் போன நொண்டிக் குட்டியைக் கந்தம்மாள்தான் கம்பங்கூழ் ஊற்றித் தேற்றினாள். பிள்ளையில்லாத வீட்டில் அது பிள்ளையாக வளர்ந்தது. அர்த்தநாரி வாய்க்கால் மதகுக்குச் சர்க்கார் லஸ்கர். கதவை ஏற்றுவது, இறக்குவது, வேளைக்கு வேளை தண்ணீர் மட்டம் பார்த்து எழுதுவது அவர் வேலை. போன கார்த்திகை வரைக்கும் மதகுக்கு அவர் போகும்போதெல்லாம் அது முன்னால் ஓடும். அப்புறம் இருமல் வந்தது. தொண்டையில் எலும்பு சிக்கினாற்போல ஓர் இருமல். வயிறு பானையாக உப்பியது. நாக்கு நாவற்பழ நிறத்துக்கு மாறியது.

மாடுகளுக்கு ஊசி போட ஊருக்கு வந்த நாமக்கல் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் யாகப்பன், குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இருதயம் பெருத்துப் போச்சு, அர்த்தநாரி. நுரையீரல்ல தண்ணி கோத்துக்குது. இந்தச் சொட்டு மருந்தக் காலைல அஞ்சு, ராத்திரி அஞ்சு ஊத்துங்க. தூங்கறப்ப மூச்ச எண்ணிப் பாருங்க. நிமிசத்துக்கு முப்பதுக்குள்ள இருந்தா பயமில்ல. நாப்பதத் தாண்டினா தலைய ஒசத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்குங்க. வேற ஒன்னும் செய்யறதுக்கில்ல.”

அன்றிலிருந்து தினமும் சர்க்கார் கொடுத்த கடிகாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அர்த்தநாரி எண்ணிவந்தார். நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு. ஒருநாள் ஐம்பத்தொன்று. விளக்கைத் தணித்த இருட்டில் அந்த மூச்சு கிழிந்த துருத்தியைப் போல இழுத்து இழுத்து விடும். எங்கே நின்றுவிடுமோ என்று அவருடைய நெஞ்சும் கூடவே ஏறி இறங்கும்.

சாக்கு நனைந்திருந்த அன்றிரவும் எண்ணினார்.

இருபத்தாறு.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினார். இருபத்தாறுதான். இழுப்பு இல்லை, கரகரப்பு இல்லை. குட்டியாக இருந்தபோது தூங்கியதைப் போல அமைதியாகத் தூங்கியது நாய். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கந்தம்மாளை எழுப்பி, “மருந்து கேட்குது புள்ள” என்றார். நனைந்தது எப்படி என்ற கேள்வி அந்த நிம்மதியில் எங்கோ போய்விட்டது.

மூன்றாம் நாள் சடையன் தானாக எழுந்து வாசல்வரை நடந்தது. வாலை ஆட்டியது. வயிறு வற்றியிருந்தது. ஆனால் கந்தம்மாள் வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சட்டியையும் தொடவில்லை.

“ஒரு வாய்கூடத் திங்கலீங்க” என்றாள் அவள். “நேத்தும் இல்ல. முந்தா நேத்தும் இல்ல. கோழிங்க ஒன்னும் வாசப்பக்கம் வார்றதில்ல. நீங்க பாத்தீங்களா?”

“வெயிலுக்கு நெழல்ல நிக்கும்.”

“ஈ கூட மொய்க்கலீங்க அதும்மேல.”

 அர்த்தநாரி கையை நீட்டி நாயின் தலையைத் தடவினார். மயிருக்கு அடியில் தோல் ஈரமாக இருந்தது. அந்த வெயிலிலும் காயாத ஈரம்.

மறுநாள் மத்தியானம் அதைக் கட்டிப்போட்டார். கழுத்தில் ஒரு சுற்று, தூணில் ஒரு சுற்று. மதகுச் சங்கிலிக்குப் போடுவதைப் போல அவர் மட்டும் அவிழ்க்கத் தெரிந்த முடிச்சு. கந்தம்மாள் வெற்றிலைக் கொடிக்காலில் வேலைக்குப் போயிருந்தாள். அர்த்தநாரி கதவோரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசின. சுவருக்கு அப்பால் வாய்க்கால் சலசலத்தது. ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில் துண்டு தரையில் ஊர்ந்து ஊர்ந்து நாயின் முன்னங்காலைத் தொட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு எப்போது கண் அசந்தது என்று தெரியவில்லை.

விழித்தது குளிரில். கால் பெருவிரலை ஏதோ நனைத்தது.

சடையன் தூணடியில்தான் படுத்திருந்தது. கழுத்தில் கயிறு அப்படியே இருந்தது. முடிச்சும் அப்படியே. நாயின் உடம்பிலிருந்து வழிந்த தண்ணீர் ஒரு கோடாக அவருடைய கால்வரை வந்திருந்தது. வாசலிலிருந்து தூண்வரைக்கும் ஈரமான காலடிகள். நொண்டிக்கால் லேசாக இழுபட்ட தடத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாக.

எல்லாம் உள்ளே வந்த காலடிகள். வெளியே போன காலடி ஒன்றுகூட இல்லை.

நாய் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. வாலை ஒருமுறை தரையில் தட்டியது. அவர் கடிகாரத்தை எடுத்தார். விலாவைப் பார்த்து எண்ணினார்.

ஒன்பது.

வெள்ளிக்கிழமை யாகப்பன் ஊர் வழியாகத் திரும்பினார். அர்த்தநாரி ரோட்டுக்கே போய்க் காத்திருந்து கூட்டிவந்தார். யாகப்பன் சேலத்துக்காரர், கிறிஸ்துவர், சிரித்த முகம். வாசலில் நின்றிருந்த சடையனைப் பார்த்ததும், “அட, எழுந்து நிக்குதே. இத நான் எதிர்பார்க்கல” என்றபடி குந்தி உட்கார்ந்து குழாயை விலாவில் வைத்தார்.

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது போயிற்று. குழாயை வேறொரு இடத்தில் வைத்தார். இன்னோர் இடத்தில். நாய் அசையாமல் நின்று கொடுத்தது. அவருடைய நெற்றியில் வேர்வை துளிர்த்ததைக் கந்தம்மாள் பார்த்தாள்.

“என்னங்க கேக்குது?” என்றாள்.

“எனக்குச் சரியாக் கேக்கல” என்று எழுந்துவிட்டார். பையைக் கட்டினார். காப்பி குடிக்க மாட்டேன் என்றார். ரோட்டில் வண்டியில் ஏறும்முன் அர்த்தநாரியின் தோளைப் பிடித்தார்.

“நீங்க மதகுல வேல செய்யறவரு, உங்களுக்குப் புரியும். கதவு மூடியிருக்கறப்ப அது மேல காத வச்சா ஒரு சத்தம் கேக்குமில்ல?”

“அந்தப் பக்கத்துத் தண்ணிங்க. மோதுற சத்தம்.”

“அதான் கேட்டுச்சு. வேற எதுவும் கேக்கல.” கை தன்னையறியாமல் நெற்றியிலிருந்து நெஞ்சுக்குச் சிலுவை போட்டது. “அது செத்திருக்கணும், அர்த்தநாரி. இந்த நோவுல எதுவும் நல்லாகறதில்ல. வீட்டுக்குள்ள வச்சுக்காதீங்க.”

அன்று பொழுதோடு மட்டம் பார்க்க அவர் போகவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அது முதல் தடவை. விளக்கை ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாயின் எதிரே உட்கார்ந்தார். கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்று சுற்றியது. விலா அசையவில்லை. இரண்டாவது சுற்று. மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்தார். ஒன்றும் படவில்லை. மூன்றாவது சுற்று. நாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே கண். அதே பழுப்பு நிறம். அவர் கையை நக்கியது. நாக்கு ஆற்றுக் கல்லைப் போல இருந்தது.

பழக்கத்தில் மருந்து பாட்டிலை எடுத்து, வாயைத் திறந்து ஐந்து சொட்டு ஊற்றினார். ஊற்றிய மருந்து கடைவாய் வழியாக வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர். நிற்காமல், சத்தமில்லாமல், சாக்கு நனைந்து தரையில் பரவும்வரை வந்தது. நாய் அதற்காக இருமவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

கந்தம்மாள் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

“கொண்டுபோயி உட்றுங்க” என்றாள். 

“எங்க உடறது?”

“அது எங்கிருந்து ஈரமா வருதோ, அங்கயே.”

“என்னால முடியாது புள்ள. அது என்னையப் பாக்குது.”

“ஊட்டுக்குள்ள வெக்க வேண்டாம்னு கம்பவுண்டரு சொன்னாருன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

“பொழுது விடியட்டும். பாக்கலாம்.”

 அவள் நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று நாளாக அதன் அருகே போகாதவள், அதன் நொண்டிக்காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “நீங்க செய்ய மாட்டீங்க” என்றாள் மெதுவாக. “எனக்குத் தெரியுமுங்க. கூழ் ஊத்துனது நானு. நானே செய்யறேன்.”

“உளறாதே. தூங்கு” என்றார் அவர்.

தூங்கக் கூடாது என்றுதான் படுத்தார். வாய்க்காலின் சத்தத்தைக் கேட்டார், ஓடு சுருங்கும் சத்தத்தைக் கேட்டார், கந்தம்மாளின் மூச்சைக் கேட்டார். அவள் தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. நாயின் பக்கமிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை மாதமாக எந்த இழுப்பைக் கேட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தாரோ, அது இல்லாத வீடு காதை அடைத்தது. அந்த அடைப்பிலேயே எப்போதோ கண் மூடிவிட்டது.

விழித்தபோது வெளுத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. பாய் காலி. தூண் காலி.

“கந்தம்மா.”

வாசலில் ஈரமான காலடிகள். இந்தத் தடவை வெளியே போயிருந்தன. பக்கத்திலேயே அவளுடைய வெறுங்கால் தடம், புழுதியில், காய்ந்து. அவள் நாயைத் தூக்கிப் போகவில்லை. நாய் முன்னால் போயிருந்தது. அவள் பின்னால் போயிருந்தாள்.

அர்த்தநாரி நடந்தார். பிறகு ஓடினார். கரை மேட்டில் நாணல் காலைக் கிழித்தது. மணலில் தடங்கள் நேராகப் போயின. எங்கும் தயங்கவில்லை. எங்கும் திரும்பவில்லை.

பெரிய மடுவின் ஓரத்தில் முடிந்தன.

“கந்தம்மா.”

கொக்குகூட இல்லை. காற்று இல்லை. அணைக்கட்டின் மேல் வழியும் தண்ணீரின் சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில். கிழக்கே வெயில் ஒரு விரல் உயரம் எழுந்து மடுவின் மேல் சாய்வாக விழுந்தது. தண்ணீர் கண்ணாடியாகத் திறந்துகொண்டது.

ஓர் ஆள் ஆழம். வெள்ளை மணல்.

கந்தம்மாள் அடியில் உட்கார்ந்திருந்தாள். கால்களை ஒரு பக்கமாக மடித்து, சேலையைச் சுற்றிலும் பரப்பி. அவிழ்ந்த கூந்தல் தலைக்கு மேலே மெல்ல அசைந்தது. மடியில் சடையனின் தலை. அவளுடைய கை அதன் காதை வருடிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. நிதானமாக.

ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

அவருடைய நிழல் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. மதகிலிருந்து அவர் வீடு திரும்பும்போது பார்ப்பாளே, அதே பார்வை. நாயும் தலையைத் தூக்கியது. வால் மணலில் ஒருமுறை புரண்டது.

அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, உள்ளங்கையால் அந்த மணலை மெதுவாகத் தட்டினாள்.