தொட்டியின் கனம்

வியாழக்கிழமை காலை விஸ்டின் முதல் தொட்டியைத் தூக்கிப் பார்த்தபோது அது கனத்தது. கனக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. இரண்டாவதைத் தூக்கினார், மூன்றாவதை, நான்காவதை. எல்லாமே அன்றைக்குத்தான் வயிறு முட்டக் குடித்தவைபோலக் கனத்தன.

செய்தூன் ஊரில் அவர் வீட்டுப் பின்னறையில் நின்றது அந்தக் கூடாரம்: ஆளுயரக் கறுப்புத் துணி, உள்ளே வெள்ளிப் பூச்சு, மேலே விளக்கு, மூலையில் ஒரு சின்ன மின்விசிறி, கீழே நான்கு கஞ்சாச் செடிகள். மால்டாவில் நான்குக்கு மேல் வைத்தால்தான் குற்றம், தெருவில் போகிறவர் கண்ணில் பட்டால்தான் குற்றம். விஸ்டின் இரண்டையும் செய்யவில்லை. வளர்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். விதை போட்டு ஒன்பது வாரமாகியும் ஒரு சாண் தாண்டாமல், கீழிலை மஞ்சளடித்து, நுனி கருகி, வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைகள்போல நான்கும் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. குழாய்த் தண்ணீரில் உப்பு என்று வீட்டுக் கிணற்றில் சேர்ந்த மழைத்தண்ணீருக்கு மாறிப் பார்த்தார். உரத்தைப் பாதியாக்கினார். விளக்கை ஒரு முழம் உயர்த்தினார். கடைசியில், அந்த ஞாயிற்றுக்கிழமைதான், வெட்கத்தை விட்டு நேனுவைக் கூப்பிட்டார்.

நேனு அவரோடு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது மாடியில் செடி வளர்க்கிறார். கூடாரத்துக்குள் தலையை நீட்டி ஒரு பார்வை பார்த்தார்.

"பாசத்துல மூழ்கடிச்சிட்டேடா. மணிக்கொரு தடவை சூப்பு ஊட்டற மாதிரி ஊத்தியிருக்கே. வேருக்கு மூச்சு வேணாமா?"

"வாடிக் கெடக்கே, பாத்துட்டு எப்படிடா சும்மா இருக்கறது?"

"பஸ்ஸுல சனம் கத்தறப்போ சும்மா இருந்தியே, அப்படித்தான். கண்ணால பாக்காதே, தொட்டியைத் தூக்கிப் பாரு. லேசா இருந்தா ஊத்து. கனத்தா மூடிட்டுப் போய்க்கிட்டே இரு." நேனு குனிந்தார். "அடியில தட்டு வைக்கலையா?"

"தட்டு எதுக்கு? கல்லு குடிச்சுக்கும்."

"அதுவும் சரிதான்."

அந்த ஊரில் எல்லோருக்கும் அது சரிதான். பழைய வீடுகளின் தரை மஞ்சள் சுண்ணாம்புக்கல். எவ்வளவு ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். முற்றத்துத் தொட்டிகளை வெறும் கல்லில்தான் வைப்பார்கள். மாடிச் சுவரில் தானாக முளைத்துக் கல்லைப் பிளக்கும் கேப்பர் செடிகளை வருடா வருடம் திட்டிக்கொண்டே பிடுங்குகிறவர்களுக்கு, வேருக்கும் அந்தக் கல் பிடிக்கும் என்பது மட்டும் ஏனோ தோன்றுவதில்லை.

செடிகள் விஸ்டினுக்காக அல்ல. பக்கத்து அறையில் அவர் மனைவி செட்டா படுத்திருந்தாள். புற்றுக்குக் கொடுத்த மருந்து புற்றைத் தீர்த்துவிட்டுக் கால் நரம்புகளைத் தின்றுவிட்டது. போர்வை பட்டாலே பாதம் எரிந்தது. மருந்துக்கடைச் சொட்டு மருந்து வாந்தியைத்தான் கொண்டுவந்தது. நேனு தன் செடியிலிருந்து காய்ச்சித் தந்த எண்ணெயில் மட்டும் ஏப்ரல் மாதம் ஒரே ஒரு நாள் அவள் தூங்கினாள். அதோடு அது தீர்ந்துபோய் நேனு விதைகளைத் தந்தார். இவை பூத்தால் செட்டா தூங்குவாள். விஸ்டினுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அதைக்கூட அவரால் அழுத்தமாக ஆசைப்பட முடியவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட கன்னம்போல அவருடைய உள்ளம் மாதக்கணக்காக மரத்துக் கிடந்தது. கனத்த தொட்டியைக் கீழே வைத்தபோதும் பயம் வரவில்லை. சரி, இதுவும் ஒன்று என்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை தொட்டிகள் இன்னும் கனத்தன. மண்ணில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு நுழைத்துப் பார்த்தார். மாவுபோல உலர்ந்திருந்தது. சனிக்கிழமை தூக்கியபோது முதல் தொட்டி விரலகலம் மேலே வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. பிறகு, அவர் கையிலிருந்து யாரோ மரியாதையாக வாங்கி வைப்பதுபோல, மெல்லத் தரைக்குத் திரும்பியது.

அன்று மாலை எட்டு மணிக்கு செட்டா கண் விழித்தாள்.

"விஸ்டின், நான் தூங்கிட்டேன். ரெண்டு மணிக்குக் கண்ணை மூடினது. நிசமாத் தூங்கிட்டேன்."

"வலி?"

"வலி இல்ல. கால் எனக்கே சொந்தமில்லாத மாதிரி இருக்கு." அவள் சிரித்தாள். "அது பெரிய சுகம், தெரியுமா?"

அவர் அவள் தலையைத் தடவினார். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது, சந்தோஷம்தான் வரவில்லை. இரண்டு மணியிலிருந்து எட்டு மணிவரை என்று மட்டும் மனதில் ஓடியது. ஆகஸ்டு வெயிலில் விளக்கும் எரிந்தால் செடி வெந்துபோகும் என்று நேனு விளக்கை மாலை எட்டுக்கு ஏற்றி மதியம் இரண்டுக்கு அணைக்கச் சொல்லியிருந்தார். மதியம்தான் செடிகளுக்கு இரவு.

நேனு தொலைபேசியில் அலட்டிக்கொள்ளவில்லை. "வேர் தொட்டியைச் சுத்திக்கிட்டிருக்கும். அதான் வளர்த்தியே இல்ல. பெரிய தொட்டிக்கு மாத்திடு. விளக்கு அணைஞ்சப்புறம் மாத்து, அதிர்ச்சி தெரியாது. பச்சை பல்பு வச்சுக்கோ, அந்த வெளிச்சம் செடிக்கு உறைக்காது."

ஞாயிறு மதியம். திருவிழா வெடிகள் பன்னிரண்டு மணிக்கே ஓய்ந்து, வெடிமருந்து வாடை மட்டும் ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக மெல்ல உள்ளே வந்துகொண்டிருக்க, தெரு முழுக்க ஆட்கள் உண்ட களைப்பில் படுத்துக் கிடக்க, எங்கோ ஒரு நாய்ச் சங்கிலி மட்டும் ஒருமுறை கல்லில் உரசி அடங்கியது. இரண்டு மணிக்கு விளக்கு டிக்கென்று அணைந்தது. பக்கத்து அறையில் செட்டாவின் மூச்சு உடனே மாறி, நீண்டு, ஆழ்ந்தது. விஸ்டின் பச்சை பல்பைப் போட்டுக் கூடாரத்தின் ஜிப்பை இழுத்தார். உள்ளே செடி வாடை இல்லை. ஈரக்கல் வாடை. அதற்கடியில் அவருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொன்று, தினமும் செட்டாவின் பாதத்தில் தடவும் கற்பூரத் தைலம்.

தொட்டி நகரவில்லை. கத்தியால் பிளாஸ்டிக்கைப் பக்கவாட்டில் கிழித்தார். உலர்ந்த மண் சரசரவென்று கொட்டியது. நேனு சொன்ன வேர்ச்சுருள் இல்லை. ஒரே வேர். வெள்ளை. மணிக்கட்டுப் பருமன். தொட்டியின் ஓட்டை வழியாக நேராக இறங்கி, பலகைக்கல்லில் தானே துளைத்த குழிக்குள் போயிருந்தது. ஒன்பது வாரமும் இவை வளர்ந்துகொண்டுதான் இருந்தன. கீழே.

தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் செட்டா முனகினாள்.

விட்டார். முனகல் நின்றது. மின்விசிறியின் சத்தம். அவர் மூச்சின் சத்தம். மறுபடி இழுத்தார், மிக மெதுவாக.

"இழுக்காதே."

அவள் கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

கற்களின் இணைப்பில் வளைவாக ஒரு மேடு. நேற்று இல்லாதது. பச்சை வெளிச்சத்தில் அதைக் கண்ணால் தொடர்ந்தார். கூடாரத்துக்கு வெளியே. சுவரடிவரை. சுவருக்கு அடியில்.

கத்தி கையிலேயே இருந்தது. பக்கத்து அறைக்குப் போனார். ஜன்னல் பலகைகள் மூடியிருந்தன. கட்டிலுக்கடியில் தரைக்கல் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. அங்கிருந்து நான்கு வெள்ளைக் கயிறுகள் மெத்தைக்குள் ஏறின.

போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கினார்.

பாதங்கள் இருந்தன. குதிகாலிலிருந்து விரல்வரை முடிபோல மெல்லிய வேர்கள். படர்ந்திருக்கவில்லை. நுழைந்திருந்தன. மெத்தையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"வெட்டினா மறுபடி எரியும், விஸ்டின்." அவள் கண்ணைத் திறக்கவில்லை. முகம் மழமழவென்று, வலி வருவதற்கு முன்னால் இருந்த முகமாக இருந்தது. "உனக்குத் தெரியும்ல, எப்படி எரியும்னு."

தெரியும். நான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தது அவர்தானே. எரியாமல் இருந்தால் போதும் என்று கேட்டதும் அவர்தான். கத்தியை மேசைமேல் வைத்தார். பயம் இப்போதும் வரவில்லை. வந்தால் தேவலை என்று இருந்தது.

"தாகமா இருக்கு," என்றாள்.

கிண்ணத்தில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துவந்து அவள் தலையைத் தூக்கினார். தலை விரலகலம் மேலே வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

நாக்கின் அடியிலிருந்து ஏழு விரல் விரித்த ஓர் இலை எழுந்து நின்றது. மஞ்சள் இல்லை. கருகல் இல்லை. நல்ல கரும்பச்சை. விளிம்பில் பல் பல்லாக, ஈரமாக, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் விரிந்தது.