சிவப்பு ரயிலின் திறந்த கதவு

டெலிபோன் அலறியது!

மகாதேவன் எடுத்தான்.

"நான் சச்சி கதைக்கிறன். மெல்பேர்னுக்கு அனுப்பின ஃபிலிம் கழுவி வந்திட்டுது. ஒரு ரயில் படம் இருக்கு... உங்களுக்குத்தான் முதல்ல காட்டோணும்!"

"எ... எந்த ரயில்?"

"சிவப்பு ரயில்தான். கதவெல்லாம் திறந்து கிடக்கு. ஒரு கதவடியில ஆள் நிக்கிறதுகூட வடிவாத் தெரியுது! சனிக்கிழமை எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறன். நீங்கள் கொஞ்சம் வெள்ளன வாங்கோ."

மகாதேவனின் கையில் ரிசீவர் வழுக்கியது.

சச்சிதானந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். வாரநாளில் வரைபட ஆபீஸ், லீவு நாளில் தண்டவாள ஓரம். புதிதாகத் திறந்த ஆபரா ஹவுஸை ஊரே படம் பிடிக்க, இவர் மட்டும் ஜனங்கள் தினமும் வேலைக்குப் போகிற ரயிலைப் பிடிப்பார். சரியான பைத்தியம் என்று மகாதேவனே கேலி செய்திருக்கிறான்.

இப்போது கேலி வரவில்லை.

போன மாதம் நடந்தது அது...

சிட்னியின் சிவப்பு ரயில்கள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டே ஓடும். ஆளில்லாத பெட்டி. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் தாண்டி ஒரு வளைவு. காற்று வாங்க வாசலில் நின்ற நரசிம்மனின் முதுகில் ஒரே தள்ளு... அவ்வளவுதான்!

கால் தவறி விழுந்துவிட்டான் என்று போலீஸ் ஃபைலை மூடியது. அன்று தான் காய்ச்சலில் படுத்திருந்ததாக மகாதேவன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

ஏன் தள்ளினான்?

மகாதேவன் இன்ஜினியரே இல்லை! கோயம்புத்தூரில் கடைசி வருஷம் ஃபெயில். போலி சர்டிபிகேட்டை வைத்துத்தான் சிட்னி ஆபீஸில் டை கட்டிக்கொண்டிருந்தான். கூடப் படித்த நரசிம்மன் அதே ஆபீஸுக்கு வந்து சேர்ந்தான். மிரட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பார்க்கும்போதெல்லாம் சிரித்தான். பாழாய்ப்போன அந்தச் சிரிப்புதான் மகாதேவனைத் தூங்கவிடவில்லை.

தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தான். வளைவு தாண்டி, சற்றுத் தூரத்தில், தண்டவாள ஓரம்... சச்சி! கண்ணில் காமிரா!

சனிக்கிழமை சாயங்காலம். சச்சியின் ஹாலில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். ஸ்லைட் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"வாங்கோ! கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. மற்ற ஆக்கள் பிறகுதான் வருவினம்."

மகாதேவன் உட்காரவில்லை. பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தான்.

"படத்தைக் குடுங்க, சச்சி."

"என்ன பகிடி இது?"

"நான் ரயில் வாசல்ல நிக்கிற படம்! நரசிம்மனைத் தள்ளினது நான்தான்யா. உங்களைக் குத்த எவ்வளவு நேரமாகும்? எடுங்க!"

சச்சி மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"நீங்கள்... அந்த ரயிலிலயோ இருந்தனீங்கள்? நான் அதை எடுக்கேல்லையே!"

"பொய்! காமிரா கண்ணுல இருந்துச்சு. நான் பார்த்தேன்!"

"ஓம், இருந்தது. பாத்தால் எதிர்வெயில்! இந்த நாட்டில வெயில் வடக்காலதான் அடிக்கும். நான் நிண்டது தெற்குப் பக்கம். பெட்டி முழுக்கக் கறுப்பு. ரயில் படம் பிடிக்கிற ஒருத்தரும் அப்பிடி எடுக்க மாட்டினம். 'சீ'யெண்டு காமிராவை இறக்கி, பையுக்குள்ள வைக்கக் குனிஞ்சிட்டன். வாசல்ல ஆர் நிண்டதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்போ... ஃபோன்ல சொன்ன படம்?"

சச்சி மெஷினின் பட்டனை அழுத்திச் சுவரைக் காட்டினார்.

பளிச்சென்ற வெயிலில் வேறொரு சிவப்பு ரயில். வாசலில் கொடியோடு நிற்பவர்... கார்டு!

"வெயில் நல்லா விழுந்திருக்கு. ரயில் படமெண்டால் பகிடி பண்ணுவீங்களே, அதுதான் உங்களுக்கு முதல்ல..."

'டமார்!'

சமையலறை வாசலில் தட்டு விழுந்து வடைகள் உருண்டன. அங்கே நின்றவள் விஜயா. நரசிம்மனின் மனைவி! தனியாகக் கிடந்து அழுவாளே என்று சச்சியின் மனைவி ரஞ்சினி காலையிலேயே அழைத்து வந்திருந்தாள். அந்த ரஞ்சினி இப்போது பின்கதவால் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், போலீஸுக்கு ஃபோன் செய்ய.

"அண்ணா..." விஜயாவின் குரல் உடைந்தது. "உங்க டிகிரி விஷயம் எனக்கும் தெரியும். நீங்க எங்க வீட்டுல முதல்ல சாப்பிட்ட அன்னைக்கே அவர் சொன்னார். பாவம், ரெண்டு குழந்தைங்க இருக்கு, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார். நீங்க அவரைக் கண்டு பயந்துடக்கூடாதேன்னுதான் பார்க்கிறப்பெல்லாம் சிரிப்பார்... அடப்பாவி! அந்த மனுஷனையா தள்ளினே? நீ நல்லா இருப்பியா?"

மகாதேவனின் கத்தி கார்பெட்டில் விழுந்தது. நாக்கை அடக்கிக்கொண்டு நாலு படத்தைப் பார்த்து, நாலு வடையைத் தின்றுவிட்டுப் போயிருந்தால் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது!

கடைசியில் அவனையும் ஒருவர் படம் எடுத்தார். போலீஸ் ஸ்டேஷனில். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

அசையாமல் நிற்கச் சொன்னார்கள்.

நின்றான். இனிப் பல வருஷத்துக்கு அவனுக்கு வேறென்ன வேலை!